மோட்டார் கைக்கு வைத்த சந்தனம்

பருத்திப்பட்டு,
27-8-1973

தம்பி குணசேகரனுக்கு,

அண்ணி பஞ்சவர்ணம் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், உன் சௌக்கியத்துக்கு எழுது என்று ஆரம்பிப்பதுதான் நம் வழக்கம். இன்றைக்கு அந்த வரியை எழுதப் பேனா ஓடவில்லை. உன் அண்ணனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவர் கம்பெனிக்குப் போயிருக்கிறார், பேபி பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் ஆவடிக்குப் போய் இதைத் தபாலில் சேர்த்துவிட வேண்டும்.

போன மாதம் பேப்பரில் உன் அண்ணன் படம் வந்தது. நீ இங்கிலாந்துக்குக் கிளம்புவதற்கு முன் நம் வீட்டு வாசலில் நிற்கவைத்து எடுத்தாயே, அந்தப் படம். மோட்டார் கையால் செம்பைப் பிடித்துப் பேபி கையில் தண்ணீர் ஊற்றுகிறார். அந்த ஒரு படத்துக்காக எத்தனை தடவை செம்பு கீழே விழுந்தது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். செம்பு இன்னும் நசுங்கித்தான் கிடக்கிறது. வெட்டுப்பட்ட கையில் மிச்சமிருக்கும் தசை சுருங்கும்போது உண்டாகிற மின்சாரத்தைப் பிடித்து, அதைக் கொண்டே செயற்கை விரல்களைத் திறக்கவும் மூடவும் வைத்திருக்கிறார் ஒரு தமிழ் இன்ஜினியர் என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தார்கள். சந்தோஷம். அதோடு நீ நிறுத்தியிருக்கலாம். என் அண்ணன் உலகநாதன் இனிமேல் தன் பழைய மிஷினிலேயே நின்று வேலை பார்க்க முடியும் என்று நீ சொன்னதாகவும் போட்டிருந்தது.

யாரைக் கேட்டுச் சொன்னாய்?

அந்தப் பேப்பரை மேனேஜர் வெட்டி நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார். மறுவாரம் அண்ணனைக் கூப்பிட்டு, கைதான் வந்துவிட்டதே, நல்ல ஆபரேட்டரை ஸ்டோரில் உட்காரவைத்துச் சம்பளம் கொடுக்க முடியாது, ஆயுத பூஜை முடிந்த திங்கட்கிழமை ஒரு சோதனை வைக்கிறோம், தேறினால் தகடு அடிக்கிற பிரஸ்ஸுக்கே போய்விடு என்றாராம். எந்தப் பிரஸ் தெரியுமா? நாலாம் நம்பர். மூன்று வருஷத்துக்கு முன் அம்பத்தூர் எஸ்டேட்டில் அவர் வலது கையை மணிக்கட்டோடு வாங்கிக்கொண்டதே, அதே பிரஸ். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையைப் பார்த்து நீதான் முதலில் அழுதாய். உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை.

ஒரு விஷயத்தை நேராகவே கேட்கிறேன். போன வருஷம் ஆவடி பஸ் ஸ்டாண்டில் நடந்ததை உன் ஆராய்ச்சியில் எழுதினாயா? அவர் மோட்டார் கையால் பேபியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் ஒருவன் மோட்டார் சைக்கிளை உதைத்தான். அந்த வண்டி படபடத்ததோ இல்லையோ, கை தானாக இறுகிக்கொண்டது. இவர் ஒன்றுமே செய்யவில்லை. குழந்தை கத்துகிறாள், இவர் கண்ணை மூடிக்கொண்டு விரி, விரி என்று மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறார், விரல் விரியவில்லை. கடைசியில் நான் அவர் இடுப்பில் கட்டியிருக்கிற பேட்டரிப் பெட்டியில் சுவிட்சை அணைத்து, ஒவ்வொரு விரலாக நெம்பி எடுத்தேன். ஒரு வாரம் அவள் மணிக்கட்டு நீலமாகவே இருந்தது. உன்னிடம் சொன்னபோது, பக்கத்தில் தீப்பொறி அடித்தால் அப்படி ஆகும் அண்ணி, கம்பிக்கு மேலே கவசம் போட்டால் சரியாகிவிடும் என்றாய். ஒரு மோட்டார் சைக்கிளுக்கே இந்தக் கூத்து. அந்த ஷெட்டில் நாற்பது மோட்டார் ஓடுகிறது, சுவருக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்க வெல்டிங். தகட்டை வைத்துவிட்டு மோட்டார் கை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டால் அவர் என்ன செய்வார்? இடது கையை உள்ளே விட்டுத்தான் நெம்புவார். மிச்சம் இருப்பது அந்த ஒரு கை.

அவரிடம் சொல்லிப் பார்க்காமல் இல்லை. காது கொடுத்தால்தானே. ஸ்டோரில் டோக்கன் வாங்கிக்கொண்டு எண்ணெய்த் துணியும் கையுறையும் எடுத்துக் கொடுக்கிற வேலை அவருக்கு வேலையாகவே தெரியவில்லை. “ஸ்டோர்ல குந்திகினு துணி குடுக்கறதுக்கா என் தம்பி எனக்குக் கை பண்ணிக் குடுத்தான்” என்று கேட்கிறார். விடிந்ததும் எழுந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, நீ சொல்லிக் கொடுத்தபடி இல்லாத விரலை மடக்குகிறார், இல்லாத விரலை விரிக்கிறார். முழங்கைக்குக் கீழே தசை துள்ளுவது எனக்கே தெரிகிறது. ஐந்து விரலும் இருக்கிற மாதிரியே இருக்கிறது, கட்டை விரல்கூடத் தனியாகத் தெரிகிறது என்று சின்னப் பிள்ளை மாதிரி சொல்கிறார். உன் பேரைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்கு எரிச்சலாக வருகிறது.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். இந்தக் கை வீட்டு வேலைக்கு மட்டும்தான், மின்சார மோட்டார் ஓடுகிற இடத்தில் நம்ப முடியாது, பிரஸ்ஸில் நிற்கவைக்கக் கூடாது என்று உன் காலேஜ் பெயர் அச்சடித்த தாளில் இங்கிலீஷில் எழுதி, கையெழுத்துப் போட்டு, கம்பெனி மேனேஜருக்கு அனுப்பு. நீ சொன்னதை நம்பித்தானே அவர்கள் கூப்பிட்டார்கள், நீயே சொன்னால் விட்டுவிடுவார்கள். உன் பதிலை அண்ணன் பார்க்கக் கூடாது. பக்கத்து வீட்டுக் கன்னியம்மா விலாசத்துக்கு என் பேர் போட்டு அனுப்பு.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். இத்தனை வருஷத்தில் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. இது முதல் தடவை. ஆசீர்வாதத்தை உன் கடிதம் கம்பெனிக்கு வந்து சேர்ந்ததும் எழுதுகிறேன்.

பஞ்சவர்ணம்



இங்கிலாந்து,
14-9-1973

மதிப்புக்குரிய அண்ணி அவர்களுக்கு,

குணசேகரன் எழுதுவது. உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். இப்படி ஒரு கடிதம் உங்களிடமிருந்து வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நான் ஏதோ அண்ணனைக் காட்டிப் பிழைப்பு நடத்துகிறவன்போல எழுதியிருக்கிறீர்கள். அவர் கையை இழந்த நாளிலிருந்து நான் வேறு எதையாவது நினைத்திருக்கிறேனா என்று அவரையே கேட்டுப் பாருங்கள்.

பத்திரிகைக்காரர்கள் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவார்கள். ஆனாலும் அண்ணன் பழைய மிஷினில் நிற்க முடியும் என்று நான் சொன்னது உண்மை. அதை நான் இப்போதும் நம்புகிறேன். பஸ் ஸ்டாண்டில் நடந்தது கவசம் போடுவதற்கு முன்னால் நடந்தது. அதற்குப் பிறகு ஒரு தடவையாவது கை தானாக மூடியதா? இல்லை. நடக்காத ஒன்றைப் பிடித்துக்கொண்டு நீங்கள்தான் பயப்படுகிறீர்கள். மின்சாரத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியாததை நான் குறையாகச் சொல்லவில்லை. தெரியாத விஷயத்தில் தீர்ப்புச் சொல்லாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்கிற கடிதத்தை நான் எழுத முடியாது. வருகிற டிசம்பரில் என் பேராசிரியர் இன்னொரு வருஷம் எனக்கு இடம் உண்டா இல்லையா என்று முடிவு செய்வார். நான் செய்த கையை ஒரு தொழிலாளி ஒரு தொழிற்சாலையில் உபயோகிக்கிறார் என்பதுதான் நான் அவரிடம் காட்டப்போகும் சாட்சி. அதே கையை நம்பாதீர்கள் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், நாளைக்கு அது சுற்றி வந்து இங்கே நிற்கும். தவிர, போக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் அண்ணன். அவர் ஆசைக்குக் குறுக்கே நிற்க உங்களுக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை.

தயவுசெய்து உங்கள் பயத்தை அவர் காதில் ஓதாதீர்கள். மனம் பதறினால் தசை விறைக்கும், விறைத்தால் மூடு என்கிற சைகையும் திற என்கிற சைகையும் ஒன்றோடொன்று குழம்பிவிடும். சோதனை நாளில் அவர் நிம்மதியாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. கை மாட்டுகிற குழிக்குள்ளே இருக்கிற நாலு உலோகப் பொட்டுகள்தான் இதில் உயிர். இரண்டு மூடுவதற்கு, இரண்டு திறப்பதற்கு. தசையிலிருந்து வருகிற மின்சாரம் மிக மிகச் சின்னது. பொட்டுக்கும் தோலுக்கும் நடுவில் மெல்லிய படலம் ஒன்று இருந்தால்கூட அது பெட்டிக்குப் போய்ச் சேராது. எண்ணெய், பவுடர், சந்தனம் எதுவும் அந்தப் பொட்டுகளில் படக் கூடாது. முக்கியமாகச் சந்தனம், காய்ந்தால் பொருக்குத் தட்டிவிடும். தினமும் காலையில் ஸ்பிரிட்டில் துணியை நனைத்து உள்ளே விட்டு நாலையும் துடைக்க வேண்டும், பிறகு அண்ணன் கையை ஈரத் துணியால் துடைத்து மாட்ட வேண்டும். ஒற்றைக் கையால் அவரால் இதைச் செய்ய முடியாது, நீங்கள்தான் செய்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன். சோதனையன்று ஏதாவது குறை வந்தால், அது என் மிஷினால் வந்ததாக இருக்காது, உங்கள் கையால் வந்ததாகத்தான் இருக்கும்.

பேபிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
குணசேகரன்



பருத்திப்பட்டு,
19-10-1973

தம்பி குணசேகரனுக்கு,

அண்ணி எழுதுவது. இதைப் பக்கத்தில் யாரும் இல்லாதபோது படி. உன் அண்ணன் சோதனையில் தேறவில்லை. அவருக்குக் காயம் ஒன்றும் இல்லை, இடது கை நன்றாக இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீயும் அவர்கூடப் பிறந்தவன்தானே.

உன் கடிதத்தைக் கன்னியம்மா வீட்டிலேயே நின்று படித்தேன். உரிமையைப் பற்றி எழுதியிருந்தாய். காலையில் எழுந்து அவருக்குச் சட்டைப் பித்தான் போடுவது நான். வெட்டுப்பட்ட இடத்தில் தோல் உரிந்தால் மருந்து போடுவது நான். மழை நாளில் இல்லாத விரல் வலிக்கிறது என்று அவர் துடித்தால் எந்த இடத்தைப் பிடித்துவிடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது நான். உரிமை இல்லை என்று எழுத உனக்கு ஒரு தபால்தலை போதுமாக இருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் உன் கடிதத்தை அடுப்பில் போட்டிருப்பேன். கடைசிப் பகுதிக்காக மட்டும் போடாமல் வைத்துக்கொண்டேன்.

ஆயுத பூஜையன்று அவர் மோட்டார் கையையும் பூஜையில் வைத்தார். சுத்தி, ஸ்பேனர், தையல் மிஷின், பேபியின் புத்தகங்கள், நடுவில் அந்தக் கை. உள்ளங்கை மேலே பார்க்கும்படி படுக்கவைத்து, உள்ளங்கையிலும் விரல் ஒவ்வொன்றிலும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். சாமந்திச் சரம் ஒன்று சுற்றினார். சூடம் காட்டும்போது அவர் கண்ணில் தண்ணீர். பேபி சிரித்தாள், அவளை அதட்டினார். அப்புறம் கம்பெனி பூஜைக்குப் பொரி வாங்கப் பேபியையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வெளியே அவர் வைத்தார். உள்ளே நான் வைத்தேன்.

குழிக்குள் விரலை விட்டுத் தடவினால் நாலு பொட்டும் நன்றாகத் தட்டுப்படுகிறது. சந்தனத்தைக் கெட்டியாக எடுத்து, நாலின்மேலும் அப்பி, விரலாலேயே வழித்து மட்டமாக்கினேன். தெரியாமல் பட்டுவிட்டது என்று உன்னிடம் சொல்லலாம். பூஜையில் வைத்த பொருள், பக்தியில் வைத்தேன் என்றும் சொல்லலாம். இரண்டும் பொய். எதைச் செய்தால் அது வேலை செய்யாது என்று நீதான் வரிவரியாக எழுதிக் கொடுத்திருந்தாய். அதைப் படித்துவிட்டுத்தான் செய்தேன்.

பூஜையில் வைத்ததை மறுநாள் வரை யாரும் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை, சோதனைக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று கையை மாட்டாமல் வைத்துவிட்டுப் பேட்டரியை மட்டும் ஏற்றிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை காலையில் நான் ஸ்பிரிட் துணியை உள்ளே விட்டு வெறுமனே சுற்றி எடுத்தேன். துணி பொட்டில் படவில்லை. அவர் கையை ஈரத் துணியால் துடைத்தேன், மாட்டினேன், வாரை இழுத்துக் கட்டினேன். பேட்டரி செலவாகும் என்று வழியில் அவர் சுவிட்ச் போடுவதே இல்லை, கம்பெனியில் போய்த்தான் போடுவார். வாசலில் நின்று என்னைப் பார்த்து, போய்ட்டு வரேன் என்றார். மூன்று வருஷமாகச் சொல்லாமலே போகிறவர்.

அங்கே நடந்ததை அவர் இன்று வரை வாயைத் திறந்து சொல்லவில்லை. பிரஸ்ஸில் அச்சு மாட்டுகிற வீராசாமி அண்ணன்தான் சொன்னார். மேனேஜர், டாக்டர், இன்னும் இரண்டு ஆபீஸர் என்று நாலு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்களாம். பிரஸ்ஸை ஓடவிடாமல் நிறுத்தித்தான் வைத்திருந்தார்கள். தகட்டை எடுத்து அச்சில் வைத்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். இவர் சுவிட்சைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கை அசையவில்லை. திரும்பத் திரும்ப முயன்றார். கழுத்து நரம்பு புடைத்து வேர்வை ஊற்றியதாம். நின்று பார்த்துக்கொண்டிருந்த பையன்களில் ஒருத்தன், “இன்னா அண்ணாத்தே, கை தூங்குதா” என்று கேட்டானாம். வீராசாமி அண்ணன் கையைக் கழற்றி, இவர் வேர்வையைத் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். குழிக்குள் விரல் விட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. கால்மணி நேரம் கழித்து, வேர்வையில் சந்தனம் ஊறியதோ என்னவோ, விரல்கள் ஒரு தடவை வெடுக்கென்று மூடிக்கொண்டன, அப்புறம் திறக்கவே இல்லை. மேனேஜர், போதும் உலகநாதன் என்று சொன்னாராம். மிஷின் வேலைக்குத் தகுதி இல்லை, ஸ்டோரிலேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. அந்தப் பிரஸ் பக்கம் இனி அவரை யாரும் கூப்பிட மாட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் அவர் படியேறி வருவதைப் பார்த்தபோதுகூட, இரண்டு கால், ஒரு கை, முழுசாக வந்துவிட்டார் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. இதை நீ எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

அதற்கப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கை கெட்டுப்போய்விட்டது, தம்பி ஏமாற்றிவிட்டான் என்று உன்னைத் திட்டுவார், நாலு நாள் கோபப்படுவார், அடங்கிவிடுவார் என்று நினைத்தேன். உன்மேல் அவருக்குக் கோபமே வரவில்லை. தன் கைதான் செத்துவிட்டது என்கிறார். விடியற்காலையில் எழுகிறார், சுவரைப் பார்த்து உட்காருகிறார், எதுவும் செய்யாமல் எழுந்துவிடுகிறார். விரல் தெரிகிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். மூன்று வருஷமாக உள்ளே இருந்த ஐந்து விரலும் இப்போது தெரியவில்லையாம். “அன்னிக்கு மிஷின் வெட்டுச்சு, உள்ள இருந்ததாவது மிச்சம் இருந்துச்சு. இப்ப அதுவும் பூட்ச்சு” என்றார். சாப்பாடு பாதிக்குப் பாதி கூட இறங்கவில்லை. பேபி மடியில் உட்கார வந்தால் அந்தக் கையைப் பின்னால் மறைத்துக்கொள்கிறார். வெட்டுப்பட்ட புதிதில்கூட அவர் அப்படி மறைத்ததில்லை.

இரண்டு நிமிஷத்தில் சரிசெய்துவிடலாம் என்று எனக்குத் தெரியும். சந்தனம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் துடைத்து மாட்டிக்கொண்டு நேரே மேனேஜரிடம் போய் நிற்பார், இன்னொரு சோதனை வையுங்கள் என்பார். தேறியும் விடுவார். அதனால்தான் சொல்லவில்லை. அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தையும் உன்னிடம் மறைக்கவில்லை. நான் செய்தேன் என்று தெரிந்தால் அவர் என்னிடம் அந்த வெட்டுப்பட்ட கையை இன்னொரு தடவை நீட்டமாட்டார். வேறு யாரிடமும் அவர் அதை நீட்டியதில்லை, தம்பி.

இப்போது எதற்கு உனக்கு எழுதுகிறேன் என்று கேட்பாய். முந்தாநாள் அவர் மோட்டார் கையை ஒரு பெட்டியில் வைத்து, சுற்றிப் பஞ்சு அடைத்து, வீராசாமி அண்ணனிடம் கொடுத்து உன் விலாசத்துக்குக் கப்பல் பார்சலில் அனுப்பிவிட்டார். நான் கன்னியம்மா வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அனுப்பப்போகிறார் என்று முன்பே தெரிந்திருந்தால் துடைத்துவைத்திருப்பேன். நாலு பொட்டிலும் சந்தனம் அப்படியேதான் இருக்கிறது. பெட்டியைத் திறந்து குழிக்குள் பார்த்தால் உனக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும். கூடவே ஒரு கடிதமும் வைத்திருக்கிறார், இடது கையால் அவரே எழுதியது. தம்பி, மன்னிச்சுக்கோ, நீ பண்ணின கை நல்ல கை, என் கைதான் சரியில்லை, நாலு பேர் முன்னால் உன் பேரைக் கெடுத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாராம், வீராசாமி அண்ணன் சொன்னார். இத்தனை வருஷத்தில் அவர் மன்னிப்பு என்ற சொல்லை யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. அதை உன்னிடம் சொல்லவைத்தது நான்.

பார்சல் வந்தவுடன், பார்த்தாயா, என் மிஷினில் குறையே இல்லை என்று நீ அவருக்கு எழுதத் துடிப்பாய். எழுதினால் நீ ஜெயித்துவிடுவாய். குறை வந்தால் அது உங்கள் கையால் வந்ததாகத்தான் இருக்கும் என்று நீ எழுதியது அப்படியே பலித்துவிட்டது, அந்தச் சந்தோஷமும் உனக்குக் கிடைக்கும். என்னை வீட்டைவிட்டு அனுப்பமாட்டார், அவர் அப்படிப்பட்டவர் இல்லை. பேசாமல் இருப்பார், அவ்வளவுதான். பேசாமல் இருந்துகொண்டே நாலாம் நம்பர் பிரஸ்ஸுக்குப் போய்விடுவார். அப்புறம் ஒரு நாள் உனக்குத் தந்தி வரும். அப்போது நீ கவசத்தைப் பற்றி எழுது.

அப்படி எழுதாதே. இடுப்புப் பெட்டிக்குள் ஒரு கம்பியை நான் சரியாகப் பற்றவைக்காமல் வந்துவிட்டேன், சோதனையில் நடந்ததை அண்ணி எழுதியதும்தான் ஞாபகம் வந்தது, தப்பு என்னுடையது, உன் தசையில் ஒரு குறையும் இல்லை அண்ணா, இந்த உலகத்திலேயே உன் கை மாதிரி சைகை கொடுக்கிற கை இல்லை என்று எழுது. பொய்தான். பேப்பரில் ஒரு பொய் சொன்னாயே, அதற்கு இது சரியாகப் போய்விடும். இந்த மாதிரிக் கை இன்னும் தொழிற்சாலைக்குத் தயாராகவில்லை என்றும் சேர்த்து எழுது, அது பொய்யும் இல்லை. கையைத் திருப்பி அனுப்பாதே. உன் பேராசிரியரிடம் வேண்டுமானால் சந்தனத்தைத் துடைத்துவிட்டுக் காட்டிக்கொள், வேறு யாராவது ஒரு கை இல்லாதவனைத் தேடிப் பிடித்துக்கொள். உனக்கு ஒரு வருஷம் போகலாம். போகட்டும் என்று சொல்ல எனக்கு வாய் கூசவில்லை.

நான் உன்னிடம் கெஞ்சுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ நன்றாக இருக்க வேண்டும் என்று இப்போதும் மனசார எழுத வரவில்லை. ஆனாலும் சீக்கிரம் எழுது. பார்சல் வந்து சேரட்டும் என்று காத்திருக்காதே, கப்பல் வர இரண்டு மாதம் ஆகும், அவர் அதுவரை தாங்கமாட்டார். உன் அண்ணனுக்கு உன் கடிதம் எப்போதும் நான் வாசித்துக் காட்டினால்தான் பிடிக்கும், கயிற்றுக் கட்டிலில் சாய்ந்துகொண்டு கேட்பார். இந்த ஒரு கடிதத்தை மட்டும் பெரிய பெரிய எழுத்தில், எழுத்துக் கூட்டி அவரே படிக்கிற மாதிரி எழுது. அண்ணா, இதை நீயே படி, அண்ணியிடம் கொடுக்காதே என்று மேலேயே போட்டுவிடு. உன் தசையில் குறை இல்லை என்கிற வரி வரும்போது என் குரலே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பஞ்சவர்ணம்